அமெரிக்காவில் பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு டாக்ஸ் கிரெடிட்: 4,000 டாலரைத் தனியே எடுத்து வையுங்கள்

என் மூத்த மகள் 2024 ஆகஸ்டில் கல்லூரியில் சேர்ந்தாள். சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் கொஞ்சம் குறைவு. ஒரு செமஸ்டருக்கு டியூஷனும் கட்டாயக் கட்டணங்களும் சேர்த்து 6,200 டாலர். விடுதியும் சாப்பாடும் 6,500. அவள் நடை பழகின காலத்திலிருந்து மாதாமாதம் போட்டு வந்த, 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு இருந்தது. அதிலிருந்து 12,700 டாலரையும் ஒரே கிளிக்கில் கட்டிவிட்டு, பெரிய கடமையை முடித்த நிம்மதியில் காபி போட்டுக் குடித்தேன்.

அடுத்த ஏப்ரலில் வரிக் கணக்கு போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த ஒரு கிளிக்கில் 2,500 டாலர் டாக்ஸ் கிரெடிட்டைக் கை கழுவிவிட்டேன் என்று. விதி ரொம்ப எளிது: 529-இலிருந்து வரியில்லாமல் எடுத்த பணத்தால் அடைத்த செலவுக்கு, இன்னொரு முறை கிரெடிட் கேட்க முடியாது. ஒரே செலவுக்கு இரண்டு சலுகை இல்லை. 4,000 டாலரை மட்டும் வங்கிக் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் போதும்.

இந்த விஷயத்தில் ஏப்ரலில் செய்ய வேண்டிய வேலை சொற்பம். பில் கட்டும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும்தான் காரியம் இருக்கிறது. பிள்ளை இப்போது ஹைஸ்கூல் கடைசி வருடத்தில் இருந்தால் நீங்கள் சரியான நேரத்தில் படிக்கிறீர்கள்.

இரண்டு கிரெடிட், ஒரு மாணவருக்கு ஒன்றைத்தான் எடுக்கலாம்

முதலில் ஒரு தெளிவு. டிடக்‌ஷன் என்பது வரி கணக்கிடும் வருமானத்தைக் குறைப்பது. கிரெடிட் என்பது கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழிப்பது. 2,500 டாலர் கிரெடிட் என்றால் முழுசாக 2,500 டாலர் கையில் நிற்கும். கல்லூரிக் கட்டணத்துக்கு டிடக்‌ஷன் ஒன்றும் முன்பு இருந்தது. 2020 வரி ஆண்டோடு அது முடிந்துவிட்டது. நண்பர் யாராவது அதைப் பற்றிச் சொன்னால் அவர் பழைய கதை சொல்கிறார்.

இப்போது இருப்பவை இரண்டு. ஒன்று அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி டாக்ஸ் கிரெடிட், சுருக்கமாக ஏஓடிசி. மாணவர் ஒருவருக்கு, ஆண்டுக்கு, செலவின் முதல் 2,000 டாலர் முழுவதும், அடுத்த 2,000 டாலரில் கால் பங்கும் கிடைக்கும். அதாவது 4,000 டாலர் செலவுக்கு 2,500 டாலர். 4,000-க்கு மேல் நீங்கள் எவ்வளவு கட்டினாலும் ஒரு பைசா கூடாது. இதில் 40 சதவீதம், அதிகபட்சம் 1,000 டாலர், கட்ட வேண்டிய வரியே இல்லாவிட்டாலும் ரீஃபண்டாக வரும். இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் படித்தால் 5,000 டாலர் வரை.

இன்னொன்று லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட். 10,000 டாலர் வரையான செலவில் 20 சதவீதம், ஆக 2,000 டாலர் வரை. இது ஒரு வரி ரிட்டர்னுக்கு. எத்தனை பிள்ளைகள் படித்தாலும் அவ்வளவுதான். ரீஃபண்டாக வராது. ஆனால் வருட வரம்பு கிடையாது, பட்டப் படிப்பாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே ஒரே ஒரு பாடம் எடுக்கும் உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ இது பொருந்தும். இளங்கலைப் படிப்பு படிக்கும் பிள்ளைக்கு ஏஓடிசிதான் லாபம். எனவே இனி அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதல் படி: உங்கள் வருமானத்தைப் பாருங்கள்

கணவன் மனைவி சேர்ந்து ரிட்டர்ன் போட்டால் வருமானம் 1,60,000 டாலர் வரை முழுக் கிரெடிட். அதற்கு மேல் போகப் போகக் குறைந்து 1,80,000-இல் பூஜ்யம். தனியாகப் போடும் பெற்றோருக்கு 80,000 முதல் 90,000 வரை. திருமணமானவர்கள் தனித்தனியாக ரிட்டர்ன் போட்டால் கிரெடிட் கிடையவே கிடையாது. இந்த எல்லைகள் விலைவாசியோடு ஏறுவதில்லை. சம்பளம் மட்டும் வருடா வருடம் ஏறும். அதனால் நம் ஆட்களில் பலர் பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதில் சரியாக இந்த 20,000 டாலர் இடுக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே பார்க்க வேண்டியது மொத்தச் சம்பளம் அல்ல. வேலை வழியாகப் போடும் ஓய்வுகாலச் சேமிப்பான 401கே, மருத்துவச் சேமிப்புக் கணக்கான எச்எஸ்ஏ இவற்றுக்குப் போனது கழிந்த பிறகு, வரி ரிட்டர்னின் முதன்மைப் படிவமான 1040-இல் வரும் ஏஜிஐ என்ற தொகைதான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஏஜிஐ 1,72,000 என்று வையுங்கள். 1,80,000-க்கு இன்னும் 8,000 இருக்கிறது; அதை 20,000-ஆல் வகுத்தால் 0.4. ஆக 2,500-இல் 1,000 டாலர்தான் கிடைக்கும். அதே குடும்பம் ஆண்டு முடிவதற்குள் 401கே-யில் இன்னும் 12,000 டாலர் போட்டிருந்தால் ஏஜிஐ 1,60,000-க்கு இறங்கி, முழு 2,500-உம் வந்திருக்கும். 2025-இல் 50 வயதுக்குட்பட்ட ஒருவர் 401கே-யில் 23,500 டாலர் வரை போடலாம், 2026-இல் 24,500. வரிக்கு முந்தைய வகையில் போட வேண்டும். வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் வகையில் போட்டால் ஏஜிஐ குறையாது. சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி அக்டோபரிலாவது மாற்றி வைத்தால்தான் டிசம்பருக்குள் தொகை சேரும்.

நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஊரில் வெளிநாட்டு வாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கில் போட்ட ஃபிக்சட் டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அந்த நிம்மதியிலேயே இங்கும் அதைக் காட்டாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா உலகம் முழுக்க வரும் வருமானத்துக்கும் வரி கேட்கும். அந்த வட்டியும் திருச்சி வீட்டு வாடகையும் ஏஜிஐ-யில் ஏறும். அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குக் காட்டாமல் விடுவது வேறு பெரிய வம்பு. எல்லையில் நிற்கும் குடும்பத்துக்கு அந்த வட்டியே கிரெடிட்டைக் கரைத்துவிடும் என்பதால் அதையும் சேர்த்து முன்கூட்டியே கணக்கு போடுங்கள்.

வருமானம் 1,80,000-ஐத் தாண்டிவிட்டால்? ஒரு வாசல் இருக்கிறது. பிள்ளையை உங்கள் ரிட்டர்னில் டிபென்டன்ட், அதாவது உங்களைச் சார்ந்தவர், என்று காட்டாமல் விட்டால், கட்டணத்தை நீங்களே கட்டியிருந்தாலும் கிரெடிட்டைப் பிள்ளை கேட்கலாம். நிபந்தனை, பிள்ளைக்குக் கட்ட வேண்டிய வரி இருக்க வேண்டும். 24 வயதுக்குட்பட்டு, செலவில் பாதிக்கு மேல் தன் சம்பாத்தியத்தால் சமாளிக்காத மாணவருக்கு ரீஃபண்ட் பகுதி கிடைக்காது. உதாரணமாக 2025-இல் இன்டர்ன்ஷிப்பில் 26,000 டாலர் சம்பாதித்த பையன். வரி இல்லாமல் விடும் அடிப்படைத் தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 போக மீதி 10,250-க்கு வரி 1,025 டாலர். ஏஓடிசி அதைத் துடைத்துவிடும். பதிலுக்கு அவனைக் காட்டாததால், டிபென்டன்ட்டுக்காகக் கிடைக்கும் 500 டாலர் கிரெடிட்டை நீங்கள் இழப்பீர்கள். நிகர லாபம் 525 டாலர். கோடையில் பீட்சாக் கடையில் இரண்டு மாதம் நின்ற பிள்ளைக்கு இது உதவாது.

இரண்டாம் படி: பிள்ளையின் தகுதி, விசா, எண்

பிள்ளை உங்கள் டிபென்டன்ட்டாக இருக்க வேண்டும். ஆண்டு இறுதியில் 24 வயதுக்குள், ஐந்து மாதமாவது முழுநேர மாணவர், தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்த்துக்கொள்ளாதவர் என்றால் பெரும்பாலும் சரி. விடுதியில் இருப்பது வீட்டில் இருப்பதாகவே கணக்கு. கல்லூரியில் பட்டம் அல்லது சான்றிதழ் பெறும் படிப்பில், குறைந்தது ஒரு பருவம் பாதி நேர அளவுக்காவது சேர்ந்திருக்க வேண்டும். போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றத் தண்டனை இருக்கக் கூடாது. கல்லூரி, மத்தியக் கல்வித் துறையின் மாணவர் உதவித் திட்டத்தில் பங்கேற்கத் தகுதி பெற்றதாக இருக்க வேண்டும். உள்ளூர்க் கம்யூனிட்டி காலேஜ் வரை அனேகமாக எல்லாமே இதில் வரும். இந்தியாவில் இருக்கும் கல்லூரிக்குக் கட்டிய பணத்தை எழுதுமுன், தகுதி பெற்ற கல்லூரிகளின் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்போது எச்-1பி வேலை விசாவிலும், அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசாவிலும் இருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். வரிக் கணக்கில் நீங்களும் பிள்ளையும் இங்கே ரெசிடென்ட் என்று ஆக வேண்டும். இங்கிருந்த நாட்களை வைத்து அது முடிவாகும். எச்-1பி, எச்-4 இரண்டின் நாட்களும் சேரும் என்பதால் சில வருடமாக இருப்பவர்களுக்குச் சிக்கலில்லை. எச்-4 பிள்ளைகளுக்குச் சோசியல் செக்யூரிட்டி எண் கிடைப்பதில்லை, அதற்குப் பதில் வரிக் கணக்குக்கு மட்டுமான ஐடிஐஎன் எண்தான் எடுப்போம். 2025 வரி ஆண்டு வரை அதை வைத்து ஏஓடிசி வாங்க முடியும். ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் அந்த எண் வந்திருந்தால் போதும். 2025-இல் நிறைவேறிய சட்டம் இந்தக் கதவைச் சாத்திவிட்டது. 2026 வரி ஆண்டு முதல், அதாவது 2027-இல் போடும் ரிட்டர்னிலிருந்து, கிரெடிட் கேட்கும் பெற்றோருக்கும் மாணவருக்கும் சோசியல் செக்யூரிட்டி எண் வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் நின்று, வேலை அனுமதி அட்டை வந்து, எண்ணும் வாங்கிய பிள்ளைகள் தப்பித்தார்கள். மற்ற எச்-4 பிள்ளைகளுக்கு 2025-தான் கடைசி வாய்ப்பு. 2025-க்கு இன்னும் ரிட்டர்ன் போடவில்லை என்றால் தள்ளிப் போடாதீர்கள்.

21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1-க்கு மாறும் பிள்ளை விஷயம் இன்னும் நுணுக்கம். மாணவர் விசாவில் இருக்கும் நாட்கள் அந்த நாள் கணக்கில் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரை சேராது. பிள்ளை திடீரென்று நான்ரெசிடென்ட் ஆகி, டிபென்டன்ட் என்ற இடத்திலிருந்தே விழுந்துவிடலாம். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் விசாக்காரர்களின் வரி தெரிந்த கணக்காளரிடம் காசு கொடுத்துக் கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாம் படி: எந்தச் செலவு சேரும்

ஊரில் டியூஷன் என்றால் சாயங்காலம் கணக்கு வாத்தியார் வீட்டு மாடியில் உட்காருவது. இங்கே அது கல்லூரிக் கட்டணம். அதுவும், சேர்வதற்கும் படிப்பதற்கும் கட்டாயமாகக் கேட்கும் கட்டணங்களும் சேரும். ஏஓடிசியில் பாடப் புத்தகம், பாடத்துக்குத் தேவையான உபகரணங்களும் சேரும்; அவற்றைக் கல்லூரியிலேயே வாங்க வேண்டும் என்றில்லை. அமேசானில் வாங்கிய பழைய புத்தகத்தின் ரசீதும் செல்லும். லேப்டாப், படிப்புக்குத் தேவை என்று கல்லூரி சொல்லியிருந்தால் சேரும். அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

விடுதி, சாப்பாடு, மாணவர் மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட் எதுவும் சேராது. பில்லில் காப்பீடும் ஒரு பெரிய தொகையாக இருக்கலாம். கட்டாயமென்று கல்லூரி சொன்னாலும் அது இந்தக் கணக்கில் வராது.

யார் கட்டினார் என்பது ஒரு பொருட்டில்லை. பிள்ளையை நீங்கள் டிபென்டன்ட்டாகக் காட்டினால், அவள் சம்பாதித்துக் கட்டியதும், தஞ்சாவூரிலிருந்து தாத்தா நேராகக் கல்லூரிக்கு அனுப்பியதும் நீங்கள் கட்டியதாகவே கொள்ளப்படும். கடன் வாங்கிக் கட்டினாலும் சேரும்; கட்டணம் கட்டிய ஆண்டில்தான், கடனை அடைக்கும் ஆண்டில் அல்ல.

நான்காம் படி: 529-உம் உதவித்தொகையும்

மொத்த விஷயத்தில் பணம் ஒளிந்திருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

529 பணத்துக்கு ஒரு பெருந்தன்மை உண்டு: பிள்ளை பாதி நேரமாவது படித்தால், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அதை வரியில்லாமல் எடுக்கலாம். ஏஓடிசிக்கோ டியூஷனும் புத்தகமும் மட்டும்தான். ஆகவே இரண்டையும் மோத விடாமல் பிரித்துக் கொடுங்கள். 529-ஐ விடுதிக்கும் மீதி டியூஷனுக்கும். டியூஷனில் 4,000 டாலரை மட்டும் வங்கியிலிருந்து. எந்தக் காசு எந்த வரிக்குப் போனது என்று ஐஆர்எஸ் துருவுவதில்லை; அந்த ஆண்டின் மொத்தக் கணக்குதான். என் மகளின் 12,700-இல் 4,000-ஐக் கழித்தால் 8,700. 529-இலிருந்து 8,700-க்குள் எடுத்திருந்தால் இரண்டு சலுகையும் முழுதாகக் கிடைத்திருக்கும். பிள்ளை வெளியே அறை எடுத்துத் தங்கினால் வாடகைக்கு 529-இல் எடுப்பதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு: கல்லூரி தன் செலவு மதிப்பீட்டில் போட்டிருக்கும் தொகை.

ஏற்கெனவே என்னைப் போல முழுசும் எடுத்துவிட்டீர்களா? அதற்கும் வழி இருந்தது, எனக்குத்தான் அப்போது தெரியவில்லை. 4,000 டாலர் செலவைக் கிரெடிட்டுக்கு ஒதுக்கிக்கொண்டு, 529-இல் அந்த 4,000-க்கு உரிய லாபப் பகுதிக்கு மட்டும் வருமான வரி கட்டலாம். வழக்கமான 10 சதவீத அபராதம், கிரெடிட்டுக்காக இப்படி ஆனால் இல்லை. லாபப் பகுதி பாதி என்று வைத்தாலும் 2,000 டாலருக்கு வரி. 2,500 டாலர் கிரெடிட்டுக்கு முன் அது ஒன்றுமில்லை.

அடுத்தது உதவித்தொகை. வரியில்லாத உதவித்தொகை வந்தால், அந்த அளவுக்குச் செலவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது பொது விதி. கட்டணம் 4,500, உதவித்தொகை 5,000 என்றால் கிரெடிட் பூஜ்யம் என்று பலர் மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம். உதவித்தொகையின் நிபந்தனையில் ‘டியூஷனுக்கு மட்டும்’ என்று இல்லாவிட்டால், அதில் 4,500 டாலர் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனதாகக் கணக்கு வைக்கலாம். அப்படி உண்மையிலேயே அவ்வளவு செலவும் இருக்க வேண்டும். மீதி 500 டாலர் டியூஷனுக்குப் போகிறது. ஆக 4,000 டாலர் டியூஷன் கிரெடிட்டுக்கு விடுபடுகிறது. பதிலுக்கு அந்த 4,500 டாலரும் பிள்ளையின் வருமானம் ஆகும். கோடையில் 3,000 சம்பாதித்திருந்தால் மொத்தம் 7,500. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனுக்குள் அடங்கிவிடும், வரி இல்லை. உங்களுக்கு 2,500 டாலர். கேட்க ஏதோ தந்திரம் போல இருக்கும்; ஐஆர்எஸ்ஸின் 970-ஆம் எண் வெளியீட்டில் அவர்களே உதாரணத்தோடு விளக்கியிருக்கும் வழிதான் இது.

ஐந்தாம் படி: நான்கு முறைதான், ஆனால் ஐந்து காலண்டர் ஆண்டு

ஒரு மாணவருக்கு ஏஓடிசி நான்கு வரி ஆண்டுகளுக்குத்தான். ஆகஸ்டில் சேர்ந்து நாலாவது வருட மே மாதம் முடிப்பவர், ஐந்து காலண்டர் ஆண்டுகளைத் தொடுகிறார். என் மகளுக்கு 2024, 2025, 2026, 2027, 2028. ஐந்தில் ஒன்றை விட வேண்டியதுதான். முதல் ஆண்டை நான் தெரியாமல் விட்டேன். அது தற்செயலாகச் சரியாகப் போய்விட்டது. அந்த வருடம் புத்தகத்துக்குக் கையிலிருந்து 480 டாலர் கொடுத்திருந்தேன். மென்பொருள் ‘480 டாலர் கிரெடிட் எடுத்துக்கொள்கிறீர்களா’ என்று ஆசை காட்டியது. எடுத்திருந்தால் நான்கில் ஒரு முறை 480-க்குப் போயிருக்கும், பின்னால் 2,500 போயிருக்கும். மென்பொருளுக்கு அந்த வருடம் மட்டும்தான் தெரியும்.

கணக்கில் வருவது பணம் கட்டிய தேதி. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கும் பருவத்துக்கு டிசம்பரிலேயே கட்டினால் அது கட்டிய ஆண்டில் சேரும். இதை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். கம்யூனிட்டி காலேஜில் முதல் பருவக் கட்டணம் 1,900 டாலர்தான், ஆனாலும் அந்த ஆண்டே கிரெடிட் வேண்டும் என்றால், வசந்தப் பருவத்து 1,900-ஐயும் டிசம்பர் 31-க்குள் கட்டிவிடுங்கள். கடைசி வருடத்தில் நேர்மாறு. 2028 வசந்தப் பருவக் கட்டணத்தை அவசரப்பட்டு 2027 டிசம்பரில் கட்டிவிட்டால், 2028-இல் காட்ட ஒன்றும் இருக்காது. ஜனவரி வரை கை கட்டி இருங்கள்; தாமதக் கட்டணம் எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைஸ்கூலிலேயே எழுதும் ஏபி தேர்வில் வாங்கிய பாடக் கிரெடிட்டுகளால் பிள்ளை ஏட்டில் ஒரு வருடம் முன்னே இருந்தாலும் கவலையில்லை. நான்கு வருடம் முடிந்ததா என்று பார்க்கும்போது அதைச் சேர்ப்பதில்லை. அப்புறம், ஹைஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் ஒன்றிரண்டு பாடம் எடுப்பவர்களுக்கும், கல்லூரி தரும் கட்டணப் படிவமான 1098-டி வந்துவிடும். பட்டப் படிப்பில் சேராத காலம் அது. அந்தத் தாளைப் பார்த்து ஏஓடிசி போட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: 1098-டி

ஜனவரி 31-க்குள் கல்லூரி 1098-டி என்ற படிவத்தைத் தரும். ‘தரும்’ என்றால் தபாலில் வரும் என்று நினைக்க வேண்டாம். பிள்ளையின் போர்ட்டலில் கிடக்கும், கடவுச்சொல் பிள்ளையிடம், பிள்ளை உங்கள் மெசேஜைப் பார்ப்பது இரவு பதினோரு மணிக்கு. என் வீட்டில் மூன்று நாள் ஆயிற்று. கூடவே மாணவர் கணக்கின் முழு லெட்ஜரையும் பிடிஎஃப்ஆக இறக்கித் தரச் சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்க வேண்டி வராது.

கட்டம் 1-இல் அந்த ஆண்டு கல்லூரிக்கு வந்த தொகை. கடன், 529, உதவித்தொகை எதிலிருந்து வந்தாலும் இதில் சேர்ந்தே இருக்கும். கட்டம் 5-இல் உதவித்தொகை. கட்டம் 7-இல் டிக் இருந்தால் அடுத்த ஆண்டு தொடக்கப் பருவத்துக்கான பணமும் உள்ளே இருக்கிறது. கட்டம் 8 பாதி நேரமாவது படித்தார் என்பதற்கு. கட்டம் 9 முதுகலை மாணவர். புத்தகச் செலவு இதில் எங்கும் இருக்காது. நீங்களே சேர்க்க வேண்டும். அந்தத் தாள் தொடக்கப் புள்ளிதான். லெட்ஜரை வைத்து நீங்கள் போடும் கணக்குதான் கணக்கு. 2024-க்கான என் மகளின் லெட்ஜரில் ‘லேப் ஃபீ’ 65 டாலர், ‘ஹெல்த் ஃபீ’ 190 டாலர் என்று அடுத்தடுத்த வரி. முதலாவது சேரும், இரண்டாவது சேராது.

கல்லூரியிடம் பிள்ளையின் எண் இல்லாவிட்டால் டபிள்யூ-9எஸ் என்ற தாளில் கொடுக்கச் சொல்லுவார்கள், சேரும்போதே கொடுத்துவிடுங்கள். கட்டணம் முழுவதையும் உதவித்தொகை அடைத்துவிட்டால் கல்லூரி 1098-டி தர வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டும் வராவிட்டால், கட்டிய ஆதாரம் கையில் இருந்தால் கிரெடிட் கேட்கலாம். ஆனால் கல்லூரியின் வரி அடையாள எண் கட்டாயம் வேண்டும், அதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

529-இலிருந்து எடுத்ததற்கு 1099-க்யூ என்ற படிவம் வரும். பணம் கல்லூரிக்கோ பிள்ளைக்கோ நேராகப் போனால் அது பிள்ளையின் பெயரில் வரும். உங்கள் வங்கிக்கு வந்தால் உங்கள் பெயரில்.

ஏழாம் படி: படிவம் 8863

மென்பொருள் இதை நிரப்பித் தரும். இருந்தாலும் அனுப்புமுன் அந்த இரண்டு பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். தொடங்க வேண்டியது இரண்டாம் பக்கத்தில், மூன்றாம் பகுதியில். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். வரி 20, 21-இல் பெயரும் எண்ணும். 22-இல் கல்லூரி, அதன் வரி அடையாள எண். 23-இல் ‘இந்த மாணவருக்கு இதற்கு முன் நான்கு ஆண்டுகள் கிரெடிட் எடுத்தாயிற்றா’ என்ற கேள்வி. 24 பாதி நேரம், 25 நான்கு வருடம் முடிந்ததா, 26 போதைக் குற்றம். 27-இல் செலவு, 4,000-க்கு மேல் எழுதக் கூடாது. அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்து வருமானக் கழிவு. முடிவில் ரீஃபண்ட் பகுதி வரி 8-இலிருந்து 1040-இன் வரி 29-க்கும், மற்றது ஷெட்யூல் 3-இன் வரி 3-க்கும் போகும். முழுக் கிரெடிட் என்றால் 1,000, 1,500 என்று இரண்டு இடத்தில் பிரிந்து நிற்கும். ஒரே இடத்தில் 2,500-ஐத் தேடி, குறைகிறதே என்று நான் அரை மணி நேரம் மண்டையைக் குடைந்திருக்கிறேன்.

முந்தைய ஆண்டுகளில் தகுதி இருந்தும் விட்டிருந்தால், ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் போட்டுத் திருத்தலாம். ஆனால் மேலே சொன்ன நான்கு ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் வீட்டா என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் இலவசமாகவே ரிட்டர்ன் போட்டுத் தருகிறார்கள்.

தகுதியில்லாமல் கேட்டு மாட்டினால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு நிற்காது. விதியைக் கண்டுகொள்ளாமல் அலட்சியமாகக் கேட்டதாக முடிவானால் இரண்டு ஆண்டு, மோசடி என்றால் பத்து ஆண்டு இந்தக் கிரெடிட்டுக்குத் தடை. ஆகவே ஆதாரம். என் கூகுள் டிரைவில் ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர்: 1098-டி, லெட்ஜர், வங்கியிலிருந்து 4,000 டாலர் போன பக்கம், புத்தக ரசீதுகள். 2025 ஃபோல்டரில் வேதியியல் லேப் கோட் ரசீதும் இருக்கிறது, 31 டாலர். 4,000 ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் அதற்கு ஒன்றும் வராது. மகள் அனுப்பினாள், போட்டு வைத்திருக்கிறேன்.